உறைபனியும் ஓவியக் கோடும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் அணிகலனைக் கையில் எடுப்பவர் முதலில் அதன் எடையைக் கேட்பார். அடுத்துப் பொன்னின் மாற்றைக் கேட்பார். கல் பதித்ததாயின் கல்லின் தரத்தைக் கேட்பார். அந்த அணி உருப்பெறுமுன் அதனைத் தாளில் வரைந்தவர் யார் என்று கேட்பவர் அரியர். வரைவுத் தாள் பட்டறையில் மெழுகும் கரியும் படிந்து கிடக்கும். அணி முடிந்து உரியவர் கைக்குப் போனதும் அதன் வேலை தீர்ந்தது. கவிதை அச்சேறிய பின் கசக்கி எறியப்படும் படியைப் போன்றதே அதன் நிலையும். அந்தத் தாளைப் பற்றியது இவ்வுரை. இயற்கையைப் பார்த்து வரையப்பட்ட கோடு எவ்வாறு பொன்னிலும் கல்லிலும் இறங்கியது என்பதையும், அந்தக் கோட்டை இழுத்த கை எவ்வாறு மறக்கப்பட்டது என்பதையும், அல்மா பீல் என்னும் ஒரு பெண்ணின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

இயற்கையை அணியாக்கும் வழக்கம் மிகப் பழையது. இன்றைய ஈராக்கில், உர் என்னும் சுமேரிய நகரத்தின் அரச இடுகாட்டை லியோனார்ட் வூலி அகழ்ந்தபோது புவாபி என்னும் அரசியின் தலையணி கிடைத்தது. ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையுடைய அந்த அணியில் பொன் தகட்டால் ஆன இலைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றுள் ஒருவகை வில்லோ மரத்தின் நீண்ட இலை. மற்றொருவகை பாப்லர் மரத்தின் அகன்ற இலை. இன்ன மரத்து இலை என்று அடையாளம் கூறும் அளவுக்கு அந்தப் பொற்கொல்லர் மரத்தைப் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் வரைந்து பார்த்தாரா, நேரே தகட்டை வெட்டினாரா என்பதற்குச் சான்று இல்லை.

தாளில் வரைவு நிலைபெறும் காலம் ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலம். நியூரம்பெர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர் ஒரு பொற்கொல்லரின் மகன்; தந்தையின் பட்டறையிலேயே முதலில் தொழில் பயின்றவர். அவர் 1503இல் ஒரு புல்வெளித் துண்டை நீர்வண்ணத்தில் தீட்டினார். பூங்காவின் அரிய மலர் எதுவும் அதில் இல்லை. புல்லும் களையும், அவற்றின் அடியில் ஈரமண்ணும், மண்ணுக்குள் இறங்கும் வேரும் மட்டுமே உள்ளன. மெல்லிய கம்பியை வளைத்துப் பழகிய குடும்பத்தின் கண் அந்தப் புல்லின் வளைவுகளில் தெரிகிறது. அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த ஹான்ஸ் ஹோல்பைன், இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் அவையில் இருந்தபோது வரைந்த அணிகலன் வரைவுகள் இலண்டனின் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின்படி செய்யப்பட்ட அணிகளோ ஏறத்தாழ முற்றிலும் அழிந்துவிட்டன. பொன்னை உருக்கலாம், கல்லைப் பெயர்த்து வேறோர் அணியில் பதிக்கலாம். தாளுக்கு அத்தகைய மறுபயன் இல்லாமையால் அது தப்பியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அணிகலன் உலகம் மலர்களால் நிறைந்தது. ரோஜாக்கொத்தும் கோதுமைக் கதிரும் வைரத்தில் பூத்தன. சில மலர்களை மெல்லிய சுருள்கம்பியின் மேல் பொருத்தினர். அணிந்தவர் அசையுந்தோறும் மலர் நடுங்கும். ஆயின் 1867க்குப் பின் தென்னாப்பிரிக்காவில் வைரம் மிகுதியாகக் கிடைக்கத் தொடங்கியதும் கல்லின் கூட்டம் வடிவத்தை மறைக்கலாயிற்று. இதற்கு எதிர்க்குரலாக எழுந்தவர் பிரான்சின் ரெனே லாலிக். மாட்டுக்கொம்பு, எனாமல், கண்ணாடி ஆகிய எளிய பொருள்களில் அவர் தும்பியையும் வாடும் மலரையும் படைத்தார். 1900ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் அவருடைய அணிகள் பெரும்புகழ் பெற்றன. விலையை முடிவு செய்வது பொருளா, பார்வையா என்னும் கேள்வியை அவர் எழுப்பினார்.

அதே கேள்விக்கு இரஷ்யத் தலைநகரில் வேறொரு விடை உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே பொருளுக்குக் குறைவில்லை. கார்ல் ஃபபெர்ஜேயின் நிறுவனம் பேரரசக் குடும்பத்துக்கே அணிகள் செய்து கொடுத்தது. அதன் தலைமை நகைப்பட்டறையை நெடுங்காலம் நடத்தியவர் பின்லாந்தைச் சேர்ந்த ஆகுஸ்ட் ஹோல்ம்ஸ்ட்ரோம். அவருடைய மகள்வழிப் பெயர்த்தியே அல்மா பீல். அல்மா 1888இல் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை ஆஸ்கர் பீலும் ஃபபெர்ஜேயின் மாஸ்கோ நகைப்பட்டறையின் தலைவர். மகள் சிறுமியாய் இருந்தபோதே மறைந்தார். குடும்பம் தலைநகருக்கு வந்தது. பாட்டனாருக்குப் பின் பட்டறைப் பொறுப்பு தாய்மாமன் ஆல்பர்ட் ஹோல்ம்ஸ்ட்ரோமின் கைக்கு வந்திருந்தது. அவரிடம் 1909இல் அல்மா வேலைக்குச் சேர்ந்தார்.

அவருக்குத் தரப்பட்ட வேலை படைப்பு வேலை அன்று, பதிவு வேலை. பட்டறையில் முடிந்த ஒவ்வோர் அணியையும் அதன் இயல்பான அளவிலேயே பதிவேட்டில் வரைய வேண்டும். பயன்பட்ட பொன், கல், ஆன செலவு ஆகியவற்றை அருகே குறிக்க வேண்டும். பிறர் படைத்ததைப் படியெடுக்கும் இந்த வேலையே அவருக்குப் பள்ளியாயிற்று. ஒரு கல் எவ்வளவு இடம் கொள்ளும், ஒரு கம்பி எத்துணை மெலிந்தால் முறியும், எந்த வளைவில் ஒளி தங்கும் என்பனவற்றை அவர் கையே கற்றது. பழம்பாடல்களை ஏட்டில் படியெடுத்தே யாப்பு கற்ற பழைய மாணாக்கரை இது நினைவூட்டும். ஓய்வு நேரத்தில் அல்மா தம் சொந்த வடிவங்களையும் வரைந்துவந்தார். அவற்றை மாமன் கண்டார். சிலவற்றைப் பட்டறையில் செய்வித்தார். அந்நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்த மிகச்சில பெண்களுள் ஒருவராக அவர் ஆனார்.

1911ஆம் ஆண்டளவில் இம்மானுவேல் நோபல் என்பவரிடமிருந்து ஒரு பணி வந்தது. இவர் ஆல்பிரட் நோபலின் அண்ணன் மகன். பாக்கு நகரத்து எண்ணெய்த் தொழிலில் பெருஞ்செல்வர். தம் தொழில்தொடர்பான விருந்தினர் வீட்டுப் பெண்டிர்க்குப் பரிசளிக்க நாற்பது சிறு அணிகள் அவருக்குத் தேவைப்பட்டன. அவை ஆடையில் குத்திக்கொள்ளும் புரூச்சுகள். வடிவம் இதுவரை எவரும் காணாததாய் இருக்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: கையூட்டு என்று எவரும் எண்ணும் அளவுக்கு அணியின் பொருள்விலை உயரக் கூடாது.

அல்மாவின் மேசை பட்டறைச் சன்னலின் அருகே இருந்தது. கடுங்குளிரில் சன்னல் கண்ணாடியின் உட்புறம் உறைபனி படர்ந்திருந்தது. காலை வெயில் அதன்மேல் விழுந்தபோது கண்ணாடி முழுதும் ஒளிரும் பூந்தோட்டமாய்த் தோன்றியதாம். அவர் தேடிய வடிவம் அங்கே இருந்தது.

அந்தப் பனித்தோட்டம் உண்டாகும் முறையை ஈண்டு அறிந்துகொள்வது நலம். அறையின் காற்றில் உள்ள நீராவி மிகக் குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும், நீராகாமல் நேரே பனிப்படிகமாக மாறுகிறது. கண்ணாடியிலுள்ள ஒரு கீறலோ தூசியோ அதற்குத் தொடக்கப்புள்ளி. படிகத்தில் எந்த முனை சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்த முனைக்கே காற்றிலுள்ள ஆவி முதலில் கிடைக்கிறது. ஆகவே அது மேலும் நீள்கிறது. நீண்ட முனையிலிருந்து பக்கக் கிளைகள் பிரிகின்றன. கிளையிலிருந்து சிறுகிளைகள் பிரிகின்றன. இறகு போலவும் பெரணியிலை போலவும் வடிவம் விரிவது இதனால்தான். வளர்ச்சியின் வரலாறே அங்கு வடிவமாக நிற்கிறது. வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும்.

பனியை வரைந்தவர்களுள் அல்மா முதல்வர் அல்லர். இராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட நுண்ணோக்கி நூலில் பனித்துகளின் படங்கள் உண்டு. ஜப்பானில் டோய் டோஷிட்சுரா என்னும் சிற்றரசர் 1832இல் எண்பத்தாறு பனித்துகள் வடிவங்களை நூலாக்கினார். அவை அந்நாட்டு ஆடைகளிலும் வாளின் கைக்காப்புகளிலும் கோலமாகப் பரவின. ஆயினும் சன்னலில் படர்ந்து கரையும் உறைபனியை உயர்தர நகைத்தொழிலின் பொருளாக்கியதில் அல்மாவின் வழி தனித்தது.

அவர் செய்ததைக் கவிஞர்களுக்கு விளக்கத் தொல்காப்பியத்தின் உவமவியலே துணைநிற்கும். உவமை தோன்றும் வகையாக அந்நூல் வினை, பயன், மெய், உரு என நான்கினைக் கூறும். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். வைரத்தைப் பனிக்கு ஒப்பிடுவது நிறம்பற்றிய உவமை, எவரும் சொல்லக்கூடியது, தேய்ந்தும் போனது. வைரத்தால் ஒரு ரோஜாவைச் செய்வது வடிவம்பற்றிய உவமை. அதற்குமுன் செய்யப்பட்ட மலரணிகள் பெரும்பாலும் இவ்விரண்டில் நின்றன. அசைவைக் காட்ட விரும்பியோர் சுருள்கம்பியை நாடினர். அல்மாவின் கோடோ வினையைப் பற்றியது. பனி எப்படி இருக்கிறது என்பதோடு அது எப்படிக் கிளைக்கிறது, எங்கே தயங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அக்கோடு பின்தொடர்ந்தது. அசையாத அணியில் ஒரு செயல் நிகழ்ந்துகொண்டிருப்பது போன்ற உணர்வு அதனால் பிறந்தது.

கோட்டை அணியாக்கப் பட்டறை நுட்பமும் கைகொடுத்தது. முன்னாளில் வைரங்களைப் பெரும்பாலும் வெள்ளியில் பதித்தனர். வெள்ளி மெதுவான உலோகம்; கல்லைத் தாங்க அதற்குப் பருமன் வேண்டும்; நாளடைவில் கறுக்கவும் செய்யும். பிளாட்டினமோ மிக மெல்லிய இழையாக இருந்தும் கல்லைத் தாங்கும், கறுக்காது. ஆகவே பனியின் நரம்பு போன்ற கோட்டை உலோகத்தில் கொண்டுவர முடிந்தது. அந்த இழைகளில் ரோஜா வெட்டு எனப்படும், அடி தட்டையாகவும் மேற்புறம் சில பட்டைகளோடும் அமைந்த சிறு வைரங்களைப் பதித்தனர். அவை பெருங்கற்களைப் போலச் சுடர்விடுவதில்லை, மங்கலாக மினுங்கும். வெயிலில் பனி மினுங்குவதும் அப்படித்தான். விலைகுறைந்த கல் என்பது இங்கே குறையாகாமல், பொருளுக்குப் பொருத்தமான தேர்வாக ஆயிற்று. நோபலின் நிபந்தனையும் கலையின் தேவையும் ஒரே இடத்தில் வந்து பொருந்தின. யாப்பின் கட்டுப்பாடு நல்ல சொல்லைத் தேடவைப்பது போன்ற நிகழ்ச்சி இது.

இதன் தொடர்ச்சியாகவே 1913ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளுக்கான அரசப் பணியும் அல்மாவின் கைக்கு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் பேரரசர் இரண்டாம் நிக்கலஸ் தம் தாயாருக்கு ஒரு முட்டை வடிவ அணிப்பேழையைப் பரிசளிப்பார். அவ்வாண்டுப் பேழையின் வரைவு அல்மாவுடையது. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. ‘குளிர்கால முட்டை’ என இன்று அறியப்படும் அது படிகக்கல்லில் குடைந்து செய்யப்பட்டது. அதன் உட்புறத்தில் உறைபனி செதுக்கப்பட்டுள்ளது. வெளிப்புறத்தில் பிளாட்டினத்தில் பதித்த சிறு வைரங்கள் பனிக்கோடுகளாகப் படர்கின்றன. அது அமர்ந்திருக்கும் பீடம் உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டி. அதன்மேல் வைர நீரோடைகள் வழிகின்றன. பேழையைத் திறந்தால் உள்ளே ஒரு சிறு கூடை. அதில் வெண்படிக இதழ்களும் பச்சைக்கல் இலைகளும் கொண்ட காட்டு அனிமோன் மலர்கள், பொன்னால் ஆன பாசியிலிருந்து எழுகின்றன. பனி விலகியதும் அந்நிலத்தில் முதலில் பூப்பனவற்றுள் ஒன்று அம்மலர். வெளியே உருகும் பனி, உள்ளே வருகின்ற வேனில். இரண்டுக்கும் இடையே திறக்கும் ஒரு கீல்.

அழகு ஒருபுறம் இருக்க, அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பேழைக்காக அரசரிடம் பெற்ற தொகை 24,600 ரூபிள். நான்கு ஆண்டுகளில் அந்த அரசே வீழ்ந்தது. எளிய மக்களின் பசியின்மேல் நின்ற அரண்மனைக்குச் செய்த அணியைக் கவிஞர்கள் போற்றலாமா என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியை ஒதுக்கிவிட இயலாது. அதற்கு ஒரு விடை அல்மாவின் படைப்புக்குள்ளேயே உள்ளது. பேழையின் பெருமைக்குக் காரணமான அதே பார்வை, விலைகுறைந்த அந்தச் சிறு புரூச்சிலும் முழுமையாக இருக்கிறது. படிகமும் ஆயிரக்கணக்கான வைரமும் அந்தப் பார்வையைப் பெரிதாக்கிக் காட்டினவே தவிர, அதனைப் பிறப்பிக்கவில்லை. கலைநோக்கில் அளந்தால் புரூச்சே மூலநூல். பேழை அதன் பேருரை.

அடுத்த ஆண்டு, 1914இல், இன்னொரு அரசப்பேழைக்கும் அல்மா வரைந்தார். மாமியார் தையல் ஊசியால் மலர்ச்சித்திரம் பின்னுவதைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. பூவேலைத் துணியின் நுண்கட்டங்கள் பிளாட்டின வலையாயின. ஒவ்வொரு தையலும் ஒரு சிறு கல்லாயிற்று. ‘மொசைக் முட்டை’ எனப்படும் அது இப்போது பிரித்தானிய அரசத் தொகுப்பில் உள்ளது. சன்னல் பனியைப் பார்த்த அதே கண், வீட்டுப் பெண்ணின் கைவேலையையும் சிறிதென்று கருதவில்லை.

பிறகு போர் வந்தது. 1917இல் புரட்சி வந்தது. நிறுவனம் அரசுடைமையாயிற்று. நாட்டைவிட்டு வெளியேறிய கார்ல் ஃபபெர்ஜே 1920இல் சுவிட்சர்லாந்தில் மறைந்தார். அல்மாவும் கணவர் நிக்கோலாய் கிளேயும் 1921இல் பின்லாந்துக்குப் பெயர்ந்தனர். கூசன்கோஸ்கி என்னும் காகித ஆலை ஊரில் கணவருக்கு வேலை கிடைத்தது. அவ்வூர்ப் பள்ளியில் 1927 முதல் இருபத்து நான்கு ஆண்டுகள் அல்மா ஓவியமும் அழகெழுத்தும் கற்பித்தார். பேரரசர் வீட்டுக்கு வரைந்த கை அது என்பது அவருடைய மாணவர்களுக்குத் தெரியாது. பழைய வாழ்வைப் பற்றி அவர் பேசுவதில்லை. 1976இல் அவர் மறைந்தார்.

அவருடைய பேழை வேறு வழியில் பயணம் செய்தது. சோவியத் அரசு அதனை விற்றது. இலண்டன் நகைவணிகர் வாங்கியபோது விலை 450 பவுண்டு. பல கை மாறி, 1975க்குப் பின் சில காலம் இருக்குமிடம் தெரியாமல் போய், மீண்டும் 1994இல் ஜெனீவா ஏலத்தில் ஏறத்தாழ 56 இலட்சம் டாலருக்கும், 2002இல் நியூயார்க்கில் ஏறத்தாழ 96 இலட்சம் டாலருக்கும் விலைபோயிற்று. 2025 டிசம்பரில் இலண்டனில் நடந்த ஏலத்தில் அதன் விலை ஏறத்தாழ 2 கோடியே 29 இலட்சம் பவுண்டு.

இவ்வளவு விலைபோகும் பொருளை வரைந்தவர் பெயர் எப்படித் தெரியவந்தது? ஃபபெர்ஜே அணிகளில் பெரும்பாலும் பொறிக்கப்பட்டவை நிறுவனத்தின் பெயரும் பட்டறைத் தலைவரின் முதலெழுத்துகளும் ஆகும். வரைந்தவருக்கு அங்கே இடமில்லை. தாளே இங்கும் சான்று கூறியது. ஹோல்ம்ஸ்ட்ரோம் பட்டறையின் 1909 முதல் 1915 வரையான பதிவேடுகள் அழியாமல் தப்பி இலண்டனை அடைந்தன. அல்மா முதன்முதலில் வேலைக்கு அமர்த்தப்பட்டது எந்தப் பதிவுப் பணிக்கோ, அந்தப் பணியின் ஏடுகள் அவை. பனிப் புரூச்சுகளும் அவற்றின் உறவான அணிகளும் நாள், அளவு, செலவுக் குறிப்புகளோடு அவற்றில் வரையப்பட்டிருந்தன. கென்னத் ஸ்னோமேன் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1993இல் நூலாக வெளியிட்டார். அல்மா மறைந்து பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. பின்லாந்து ஆய்வாளர்கள் குடும்ப நினைவுகளையும் சேர்த்து அவருடைய வரலாற்றை நிரப்பினர்.

அன்பர்களே, பத்தாண்டு நிறைந்த ஓர் இலக்கிய வட்டத்துக்கு இவ்வரலாறு ஒரு செயலை நினைவூட்டுகிறது. அரங்கில் படிக்கப்பட்ட கவிதைகளுள் நூலானவை சில. காற்றோடு போனவை பல. ஒருவர் சொன்ன ஓர் உவமை மற்றொருவர் பாடலில் ஏறியதும் உண்டு. தலைப்பு ஒருவர் தந்தது, திருத்தம் ஒருவர் செய்தது, பெயர் மட்டும் ஒருவருடையது என்பதும் உண்டு. கூட்டக் குறிப்பேடுகளும் கைப்படிகளும் அடித்தெழுதிய தாள்களும் யாருடைய கை எது என்பதைச் சொல்லும். அவற்றை உரியவர் பெயரோடு தொகுத்துக் கட்டிவைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. ஒரு பெட்டியும், பொறுப்பேற்கும் ஓர் உறுப்பினரும், நாளும் பெயரும் எழுதும் பழக்கமும் போதும். ஹோல்ம்ஸ்ட்ரோம் பட்டறை வரலாற்றுக்காகப் பதிவேடு எழுதவில்லை, கணக்குக்காக எழுதியது. அந்தக் கணக்கேட்டிலிருந்தே ஒரு கலைஞரின் பெயர் திரும்பக் கிடைத்தது.

பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்திலேயே அந்தப் பெட்டி திறக்கப்படுமாயின் இவ்வுரை பயன்பெற்றதாகும்.